பில் காட்டினால்தான் சாவியா? – சென்னை உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் உணவகம் நடத்தும் முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்,

மயிலாப்பூரில் உங்களில் ஒருவருடைய கல்லாவுக்குப் பின்னால் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். 'கழிவரை சாப்பிட வருபவர்களுக்கு மட்டும். பில்லைக் காட்டிச் சாவி பெறவும்.' 'றை' வர வேண்டிய இடத்தில் 'ரை'. நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். நிற்க முடியாத வலியிலும் கண் அந்த எழுத்தில்தான் முதலில் போய் விழுந்தது. அந்த உணவகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் 'நல்லவேளை, நாம் இல்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். இதே பலகையை, எழுத்துப் பிழை இல்லாமல், நகரின் வேறு பல இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகல். அம்மாவின் ஓய்வூதியக் கணக்கில் கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். வெளியே வந்து நான்கு நிமிட நடையில் உங்கள் உணவகம். கல்லாவில் இருபது வயதுப் பையன்.

"தம்பி, கழிவறைச் சாவி வேண்டும். அவசரம்."

"பில் இருக்கிறதா அம்மா?"

"இல்லை. உடம்பு சரியில்லை. போய்விட்டு வந்து ஏதாவது வாங்கிக்கொள்கிறேன்."

"பில் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார் அம்மா."

அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. சரி, பில் போட்டுவிடுவோம் என்று வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். முதல் ஆள் பார்சல் வாங்குகிறார். பதினான்கு சப்பாத்தி, குருமா ஆறு பொட்டலம். ஐந்துதான் வந்திருக்கிறது, ஆறாவதுக்கு உள்ளே ஆள் போயிருக்கிறது. சாவி ஒரு பழைய ஜல்லிக் கரண்டியில் கட்டப்பட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டிவிடும். மின்விசிறிக் காற்றில் அந்தக் கரண்டி இப்படியும் அப்படியும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் முறை வந்தது. இரண்டு இட்லி என்றேன். சில்லறை இல்லை என்றான். மீதி வேண்டாம் என்றேன். கரண்டி என் கைக்கு வந்தது. பூட்டுத் துவாரத்தில் சாவி நுழைவதற்குள் முடிந்துவிட்டது. முழுவதும் இல்லை, போதுமான அளவு. அன்று கருநீலச் சேலை கட்டியிருந்தேன். இப்போதெல்லாம் வெளியே கிளம்பும்போது அடர்நிறச் சேலையாகவே எடுக்கிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. ஏழு வருடங்களாக இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்ற நோயோடு வாழ்கிறேன். சிறுநீர்ப்பை வலி நோய் என்றும் இதைச் சொல்கிறார்கள். ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கு அதிகம். கிருமித் தொற்று எதுவும் இருக்காது. ஆனால் நீர்க்கடுப்பில் இருப்பதைப் போன்ற எரிச்சல், அடிவயிற்றில் அழுத்தம், கொஞ்சம் நிறைந்தாலே வலி. போய்விட்டு வந்தால் சற்று ஆறும், பிறகு மறுபடியும் தொடங்கும். ஆரோக்கியமான சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். இரவும் பகலும் சேர்த்து ஏழெட்டு முறை போவது இயல்பு. மருத்துவர் மூன்று நாட்களுக்கு அளந்து எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டாம் நாள் 23 முறை. பெரும்பாலும் 80 மில்லி, 90 மில்லி. ஒரு காபி டம்ளர்கூட நிறையாது. இந்த 80 மில்லிக்காகத்தான் உங்கள் கல்லாவில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நோய்க்குப் பெயர் கிடைக்கவே இரண்டு வருடம் ஆனது. ஒவ்வொரு முறையும் தொற்று என்று நினைத்து நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் 'வளர்ச்சி இல்லை' என்றே வரும். கடைசியில் ஒரு சிறுநீரகவியல் மருத்துவர் உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்த்துச் சொன்னார். முழுமையாகக் குணமாகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. குறைத்துக்கொண்டு வாழலாம் என்றார். குறைப்பதில் பாதி சாப்பாட்டில் இருக்கிறது. காபி, தேநீர், தக்காளி, எலுமிச்சை, மிளகாய் எல்லாம் பலருக்கு வலியைக் கிளப்பிவிடும். எல்லோருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. எனக்கு இவற்றோடு புளியும் சேர்ந்துகொண்டது. புளியும் காபியும் இல்லாத மயிலாப்பூர்க்காரி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். (பிறந்தது மாட வீதிக்குப் பின்னால், வாழ்க்கைப்பட்டது பெரம்பூரில். 29சி பஸ்ஸில் அம்மாவைப் பார்க்க வருகிற வழியில் எந்த நிறுத்தத்தில் இறங்கினால் எந்தக் கதவு திறக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.)

இதற்கு மேல்தான் கோதுமை வந்தது. மூன்று வருடங்களுக்கு முன் வயிறு உப்பத் தொடங்கியது. சப்பாத்தி சாப்பிட்ட மறுநாள் பேதி, தலைக்குள் பஞ்சு அடைத்ததைப் போன்ற மந்தம். மெய்ப்பில் ஒரே வரியை நான்கு முறை படிப்பேன். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் நோய்க்குச் சீலியாக் என்று பெயர். அதற்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. சிறுகுடல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் இயல்பு. பிறகு ஆறு வாரம் கோதுமையை நிறுத்தச் சொன்னார்கள், உடம்பு தெளிந்தது. திரும்பச் சாப்பிடச் சொன்னார்கள், இரண்டே நாளில் பழைய கதை. சீலியாக் இல்லை, ஆனால் குளூட்டன் ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது, மற்றதையெல்லாம் விலக்கிவிட்டுத்தான் சொல்ல முடியும். இதைப் படித்துவிட்டு நாளைக்கே கோதுமையை விட்டுவிடலாம் என்று யாராவது நினைத்தால், வேண்டாம். சோதனைக்கு முன்பே நிறுத்திவிட்டால் சீலியாக் இருப்பவருக்கும் இல்லை என்று வந்துவிடக்கூடும்.

கோதுமைக்கும் என் சிறுநீர்ப்பைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக எந்த மருத்துவரும் என்னிடம் உறுதியாகச் சொல்லவில்லை. சிறுநீர்ப்பை நோய் உள்ளவர்களில் பலருக்குக் குடலும் சேர்ந்தே தொல்லை கொடுக்கும் என்பது வரை சொல்கிறார்கள். என் நோட்டுப் புத்தகம் சொல்வது இவ்வளவுதான்: குடல் கெட்ட நாட்களில் 23 என்பது 30 ஆகிறது.

இரண்டு நோய்களும் ஒன்றோடொன்று எப்படி மோதும் என்பதற்கு என் அம்மாவின் பார்லித் தண்ணீர் போதும். நீர்க்கடுப்பு என்றால் நம் வீடுகளில் முதல் வைத்தியம் அதுதானே. அம்மா தினமும் காலையில் பார்லியை வறுத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, பிளாஸ்க்கில் ஊற்றி அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்புவாள். நானும் பயபக்தியோடு குடித்தேன். கோதுமையில் இருக்கிற அந்தக் குளூட்டன் பார்லியிலும் இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. சிறுநீர்ப்பைக்கு மருந்து என்று குடித்தது குடலைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் இதைச் சொன்ன அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. பார்லி டப்பாவைத் தூக்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் இப்படிக் கண்டுபிடித்து விலக்கிக்கொள்ள முடிகிறது. உங்கள் மேசையில் முடியவில்லை.

அந்த வியாழக்கிழமைக்கே திரும்புகிறேன். பணம் கொடுத்தாகிவிட்டதே, இட்லியையாவது சாப்பிடுவோம் என்று ஓரமாக உட்கார்ந்தேன். அரிசியும் உளுந்தும், நம் ஊரில் எனக்கு மிச்சம் இருக்கிற கௌரவமான சாப்பாடு அதுதான். பரிமாறியவர் தட்டை வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இட்லி மூழ்கச் சாம்பாரை ஊற்றிவிட்டார். அன்பாகத்தான். "சாம்பார் வேண்டாம், பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும்" என்றேன். அவர் சிரித்தார். "பெருங்காயத்தில் எங்கேயிருந்து அம்மா கோதுமை வரும்?" பிறகு கரிசனத்தோடு குனிந்து, "சர்க்கரையா? அப்படியானால் சப்பாத்தி சாப்பிடுங்கள். எங்களிடம் மைதா கிடையாது, சுத்தமான கோதுமை" என்றார்.

இந்த உரையாடல் எனக்குப் புதிதில்லை. மைதா வேறு, கோதுமை வேறு, ரவை வேறு, சேமியா வேறு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நான்கும் ஒரே தானியம். 'ரவா தோசைதான் அம்மா, கோதுமை தோசை இல்லை' என்று என்னிடம் சத்தியம் செய்தவர்கள் உண்டு. உடம்பு சரியில்லாதவருக்குக் கோதுமைக் கஞ்சியும் மால்ட் பானமும் கொடுத்துப் பழகிய ஊரில், கோதுமை ஒருவருக்கு ஆகாது என்றால் நம்பச் சிரமம்தான். வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் தெற்கில் சீலியாக் நோய் மிகக் குறைவு. அதனால் பலர் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை. தெரியாததற்காக யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. கேட்டால் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை என்பதுதான் குறை.

அன்று ஒருவர் இருந்தார். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து மாஸ்டர் வந்தார். தோளில் துண்டு, கையில் மாவு. விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு கிலோ பெருங்காய டப்பாவையே எடுத்துவந்து மேசையில் வைத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே படியுங்கள் என்றார். பின்பக்கம், கடுகு அளவு எழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தேன். கூட்டுப் பெருங்காயம். சேர்க்கப்பட்டவை: கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம். அதற்குக் கீழே தனி வரியில், கோதுமை உள்ளது. அவர் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபத்தைந்து வருடமாகப் போடுகிறேன் அம்மா. ஒருநாளும் இதைப் படித்ததில்லை" என்றார். பிறகு அவரே உள்ளே போய் வேறு இரண்டு இட்லியும் கொஞ்சம் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பில் போடவில்லை.

ஒரு சிட்டிகைப் பெருங்காயம் என்னைப் படுக்க வைத்துவிடுமா என்றால், எல்லா நாளும் இல்லை. என் உடம்பு சில நாள் மன்னிக்கும். ஆனால் சீலியாக் உள்ள ஒரு பிள்ளை உங்கள் மேசையில் உட்கார்ந்தால் மன்னிப்பு கிடையாது. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொட்டலத்தில் அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் அளவு. சிட்டிகை என்று நாம் அலட்சியமாகச் சொல்வது அங்கே பெரிய கணக்கு.

உங்கள் பலகை சாப்பிட்டால்தான் கழிவறை என்கிறது. உங்கள் சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல ஆள் இல்லாததால் நான் சாப்பிட முடியாது. சாப்பிட முடியாததால் பில் இல்லை, பில் இல்லாததால் சாவி இல்லை. இந்த வட்டத்தை நீங்கள் வேண்டுமென்று வரையவில்லை என்று தெரியும். ஆனால் அதற்குள் நிற்பவள் நான்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். கழிவறையைத் திறந்துவிட்டால் அசிங்கம் செய்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தம் செய்ய ஆள் கிடைப்பதில்லை. தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுப்பது நீங்கள். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் மதியச் சாப்பாட்டையே நிறுத்திய உணவகங்கள் இந்த நகரத்தில் உண்டு. 1867ஆம் ஆண்டின் சராய் சட்டப்படி எந்த ஓட்டலிலும் இலவசமாகக் கழிவறை கேட்கலாம் என்று கைப்பேசியில் சுற்றுகிற செய்தியை ஆதாரமாக நீட்டி உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. அது பயணிகள் தங்கும் விடுதிகளுக்கான பழைய சட்டம்.

ஆனால் வழி இருக்கிறது, பிறர் செய்திருக்கிறார்கள். 2017இல் தெற்கு டெல்லி மாநகராட்சி, உணவகங்களின் கழிவறைகளைப் பொதுமக்களுக்கும் திறக்கச் சொன்னது. விரும்பினால் ஐந்து ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்றது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2005இல் ஒரு சட்டம் வந்தது. குடல் நோய் உள்ள ஆலி பெய்ன் என்ற சிறுமிக்கு ஒரு கடையில் கழிவறை மறுக்கப்பட்டதுதான் காரணம். இத்தகைய நோய் உள்ளவர் கேட்டால், ஊழியர்களுக்கான கழிவறையையும் கடை திறந்துவிட வேண்டும் என்கிறது அது. உணவு விஷயத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நம் உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விவரச்சீட்டு விதிகளின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் ஒவ்வாமை தரும் பொருட்களைப் பற்றிய தகவலை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே ஒரு சிறிய கடை வைத்திருப்பவரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நான் கேட்கிறேன்.

கேட்பது இவைதான்.

அந்தப் பலகையைக் கழற்றுங்கள். ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ வாங்கிக்கொள்ளுங்கள், கல்லாவில் உண்டியல் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உடம்பு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் முதலில் சாவி, பிறகு கணக்கு என்று கல்லாவில் இருக்கும் பையனுக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள். என்ன நோய் என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் மருத்துவச் சீட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், காட்டத் தயார். என்னைப் போலவே அவசரப்படுகிற முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் காட்டச் சீட்டு ஏதும் இருக்காது. அவர்களுக்கு வாய்ச்சொல் போதும் என்று வையுங்கள்.

கல்லாவில் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்தெந்தப் பண்டத்தில் கோதுமை, மைதா, ரவை, சேமியா சேர்கிறது என்று மாஸ்டரிடம் கேட்டு எழுதினால் ஒரு பிற்பகல் வேலை. குருமாவைக் கெட்டியாக்க மைதா கரைத்து விடுகிறீர்களா, தோசை மாவில் ஒரு கை மைதா போடுகிறீர்களா, பஜ்ஜி மாவில் என்ன கலக்கிறீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் கைப்பக்குவ ரகசியத்தை யாரும் திருடிவிட மாட்டார்கள்.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கடைகளில் கிடைக்கிறது. அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அதை வாங்கிப் பாருங்கள். சாம்பாரும் ரசமும் பொங்கலும் ஒரே மாற்றத்தில் பலருக்குத் திறந்துவிடும். எனக்குப் புளி ஆகாது என்பது வேறு கதை. சப்பாத்தி போடுகிற கல்லிலேயே தோசை வார்க்காமல் ஒரு கல்லைத் தனியாக வையுங்கள். இட்லி மேல் எதையும் ஊற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இவற்றைப் பங்குனிப் பெருவிழாவுக்கு முன் செய்யுங்கள் என்று மாட வீதியைச் சுற்றி உணவகம் வைத்திருப்பவர்களைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அறுபத்து மூவர் அன்று வீதிக்கு வீதி பந்தல் போட்டு மோரும் பானகமும் தருகிறோம், வேண்டாம் என்பவரையும் கையைப் பிடித்துக் குடிக்க வைக்கிறோம். குடித்தவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. அன்று பாதிக் கடைகளில் கழிவறைக்குப் பூட்டு. சிறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த அந்த விழாவை நான் கடைசியாகப் பார்த்து ஏழு வருடம் ஆகிறது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போய்ப் பார்க்கலாமே என்பார்கள். செய்து பார்த்திருக்கிறேன். நீர் அடர்ந்துபோய் எரிச்சல் இரண்டு மடங்காகிறது, அதுவும் நம் ஊர் வெயிலில்.

இந்த மடலின் அச்சுப் படியை அந்த உணவகத்தின் முதலாளிக்கு நேரிலேயே கொடுக்கப் போகிறேன். மாஸ்டருக்கும் ஒன்று. பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுத முடிவு செய்தால், ஆணியில் மாட்டுவதற்கு முன் எழுத்தை எனக்கு அனுப்புங்கள். கூலி வாங்காமல் திருத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு மெய்ப்புத் திருத்துநர்